எங்கள் ஸ்டேஷன் பேரில் ஒரு டிக்கெட்

போன திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் வேலூர் பக்கம் போகிற பாசஞ்சரில் நாற்பது பேருக்கு மேல் ஏறினோம். டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்றவர்கள் ஆறேழு பேர்தான். மற்றவர்களில் சிலரிடம் சீசன் இருக்கும், சிலர் செல்போனில் எடுத்திருப்பார்கள், அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல்தான் ஏறினார்கள். எப்படித் தெரியும் என்றால், எல்லோரும் ஊர்க்காரர்கள், கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர், "பத்து ரூபா டிக்கெட்டுக்கு யாருப்பா வந்து கேக்கப் போறாங்க? கேட்டா அப்ப பாத்துக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் கிடையாது. கடனை ஒரு நாள் தள்ளி வைக்காத மனிதர். அவருக்கே அப்படித் தோன்றுகிறது என்பதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் ஸ்டேஷன் காட்பாடி – விழுப்புரம் பாதையில் கண்ணமங்கலம் பக்கத்தில் இருக்கிறது. பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இந்தப் பாதையில் இருக்கிற எந்தச் சின்ன ஸ்டேஷன் பேரைப் போட்டாலும் நான் சொல்லப் போகிற கதை மாறாது. எங்களுடையது ஹால்ட். அதாவது ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, இன்னொரு வண்டியை ஒதுக்கி நிறுத்த லூப் லைன் கிடையாது. ஒரே தண்டவாளம், ஒரு பிளாட்பாரம், ஒரு புங்க மரம், மஞ்சள் பலகையில் ஊர்ப் பேர், ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஏஜென்ட் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவர் ரயில்வே ஊழியர் இல்லை. பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் முன்கூட்டியே பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து இங்கே விற்கிறார், விற்றதில் கமிஷன் கிடைக்கும், அவ்வளவுதான் வருமானம். வண்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஜன்னலைத் திறப்பார், வண்டி போனதும் பூட்டிவிட்டு சைக்கிளில் நிலத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு இந்தப் பாதை மேல் பாசம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அப்போது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர், அதனால்தான் அந்தப் பேர். காட்பாடியில் இறங்கினால் பக்கத்தில் நிற்கிற மெட்ராஸ் வண்டி அகலப் பாதை, ஒரு மீட்டருக்கு மேல் இன்னும் 676 மில்லிமீட்டர் அகலம், எங்கள் வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறவே முடியாது. மூட்டை முடிச்சோடு இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆயா அரிசி மூட்டையோடு அங்கே மாறுவதற்குப் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டி வேலூர் டவுனைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஆயா மட்டும் கையெடுத்துக் கும்பிடும். கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, மணல்தான், அப்போதும் கும்பிடும். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது அதைப் பார்க்க ஆயா இல்லை.

இந்தப் பாதையைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்லுகிற ஒரு விஷயம் இருக்கிறது. 1896இல் மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயசுப் பையன் வீட்டில் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அவன் கையில் கிடைத்த பழைய வரைபடத்தில் திருவண்ணாமலைக்கு ரயிலே இல்லை, அதனால் பக்கம் என்று நினைத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி, "விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே வண்டி இருக்கிறதே" என்று சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் மாறினான், கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் வந்தது, அங்கே இறங்கி நடந்தான், வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்தான், திருக்கோவிலூரில் மறுபடி வண்டி ஏறி செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினான். அவர்தான் ரமண மகரிஷி. மாம்பழப்பட்டு, திருக்கோவிலூர் எல்லாம் இதே பாதையில் இருக்கிற ஸ்டேஷன்கள்தான், இன்றைக்கும் அங்கே பாசஞ்சர் நிற்கிறது. காசு தீர்ந்த இடத்தில் இறங்கவும், காசு கிடைத்த இடத்தில் ஏறவும் அந்தப் பையனுக்கு ஒரு சின்ன ஸ்டேஷன் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஹால்ட் ஞாபகம்தான் வரும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ரயில் புதுசும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. இந்த 'ரோடு' என்கிற பேரையும் சொல்லிவிட வேண்டும். ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆரணியைத் தேடினால் கிடைக்காது, அது களம்பூரில் இருக்கிறது. ஊருக்குப் போகிற சாலை இங்கே பிரிகிறது என்பதுதான் அந்த 'ரோடு'க்கு அர்த்தம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரவில் இறங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம்.

அப்புறம் அகலப் பாதை வேலைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சில வருஷம் ரயிலே இல்லை. 2010இல் புதுப் பாதையில் வண்டி ஓட ஆரம்பித்தது, பிறகு மின்சாரமும் வந்தது. ஆனால் அந்தச் சில வருஷத்தில் ஊர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. ரயில் விஷயத்தில் எனக்குப் புரிந்த முதல் பாடம் அதுதான், பழக்கம் ஒரு தடவை விட்டுப்போனால் திரும்ப வர ரொம்ப நாள் ஆகும். அதே மாதிரி 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாப் பயணிகள் ரயிலும் நின்றது. திரும்ப வந்தபோது பாசஞ்சர் பாசஞ்சராக வரவில்லை. வண்டி எண்ணுக்கு முன்னால் சைபர் போட்டு ஸ்பெஷல் என்றார்கள், பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. அதே பெட்டி, அதே வேகம், அதே நிறுத்தங்கள். பூக்கூடையோடு வேலூர் மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாவுக்குப் போக முப்பது வர முப்பது என்றால் அன்றைய லாபத்தில் பெரிய ஓட்டை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை என்று ஆனபோது அவர்கள் ஏன் ரயிலுக்கு வரப் போகிறார்கள்? டவுன் பஸ் வந்துபோகிற ஊர்களில் பெண்கள் கூட்டம் அப்படியே பஸ்ஸுக்கு மாறியது. அந்தப் பஸ் நல்ல விஷயம், எங்கள் வீட்டிலேயே அதில் போகிறார்கள், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரயிலில் கூட்டம் ஏன் குறைந்தது என்று கேட்பவர்களுக்குக் காரணம் இது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். 2024 பிப்ரவரி கடைசியில் கட்டணம் திரும்பப் பத்து ரூபாய்க்கு வந்தது. நான்கு வருஷம் ஆகிவிட்டதே.

சரி, வண்டி வருகிற நேரம் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மக்களின் கோபம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே வண்டி வந்தால், லூப் இருக்கிற ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும், இதைத்தான் கிராசிங் என்கிறோம். யார் ஒதுங்குவது? பெரும்பாலும் பாசஞ்சர்தான். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தாலும் நாம்தான், சில சமயம் கூட்ஸ் வந்தாலும் நாம்தான். அந்த எதிர் வண்டி இருபது நிமிஷம் தாமதம் என்றால் அந்த இருபது நிமிஷத்தையும் நாம் உட்கார்ந்து கழிக்க வேண்டும். வேலூரில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த இருபது நிமிஷம் அரை நாள் சம்பளம்.

இன்னொரு விஷயம் நிறையப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். கால அட்டவணையில் கடைசி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் மட்டும் நேரம் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள். வழியில் ஏற்பட்ட தாமதத்தைச் சரிக்கட்டத்தான் அந்த இடைவெளி. அதனால் நடு வழியில் அரை மணி நேரம் தாமதமாக வந்த வண்டி கடைசி ஸ்டேஷனுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதைப் பல வருஷமாகக் கடைசி ஸ்டேஷனை வைத்துத்தான் கணக்குப் பார்த்து வந்தார்கள். அந்த அரை மணி நேரம் எங்கள் புங்க மரத்தடியில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். இதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க எங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ஆனால் கேட்கப் போனபோது என்ன ஆனது என்று சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். காலையில் ஒன்பது மணிக்குள் வேலூரில் விடுகிற மாதிரி ஒரு வண்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலூரில் ஏறுகிற மாதிரி ஒரு வண்டி, இரண்டும் எங்கள் ஹால்ட்டில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். புதுக் கட்டடம் கேட்கவில்லை, லிஃப்ட் கேட்கவில்லை. மனுவை வாங்கிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், படித்தார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் விக்குது?" எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் கையில் காகிதம் இருந்தது. அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுத வெட்கமாக இருக்கிறது. காலை வண்டியில் மட்டும் ஏறுகிறவர்களில் கால்வாசி கூட அது இல்லை.

நாங்கள் வெளியே வந்து டீக்கடையில் நின்றோம், யாரும் பேசவில்லை. அந்தக் காகிதப்படி பார்த்தால் எங்கள் ஊரில் ஆளே இல்லை. தினமும் நின்று, ஏறி, இறங்கி, வண்டி தாமதம் என்று திட்டி, எல்லாம் செய்கிறோம், ஆனால் கணக்கில் நாங்கள் இல்லை.

அதற்கு டிக்கெட் எடுக்காதவர்கள் மட்டும் காரணம் இல்லை, எடுக்கிறவர்களும்தான். யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தினமும் இங்கே ஏறுகிறான், ஆனால் சீசன் டிக்கெட்டை அவன் சித்தப்பா வீடு இருக்கிற போளூரிலிருந்து எடுத்திருக்கிறான், இரண்டு பக்கமும் உதவும் என்று. அவன் போளூர்க் கணக்கில் போகிறான். வேலூரிலிருந்து வரும்போது அங்கேயே டிக்கெட் எடுக்கிறோம், அது வேலூர் விற்பனை. ஜன்னலில் கூட்டமாக இருக்கிறது என்று கண்ணமங்கலம் வரை பைக்கில் போய் ஏறுகிறவர் அந்த ஸ்டேஷன் கணக்கு. இப்படி எங்கள் ஹால்ட்டில் கால் வைக்கிறவர்களின் காசு எங்கெங்கேயோ போய்ச் சேர்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வண்டிகள் திரும்ப வந்தபோது நாடு முழுக்க எத்தனையோ சின்ன ஸ்டேஷன்கள் நிறுத்தத்தை இழந்தன. நிறுத்தத்தை எடுக்கிறவர்கள் பார்ப்பது இந்த விற்பனை எண்ணைத்தான். எங்கள் புங்க மரத்தடிக்கு யாரும் வந்து தலை எண்ண மாட்டார்கள்.

2024 மே மாதம் சென்னை பீச் – வேலூர் கண்டோன்மென்ட் மெமு மின்சார ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். பல வருஷக் கோரிக்கை அது. மாலை ஆறு மணிக்கு பீச்சில் கிளம்பி நள்ளிரவு தாண்டித் திருவண்ணாமலை போகும், விடிகாலை நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பும். சென்னையில் வேலை பார்க்கிறவர்களுக்கு, கிரிவலம் வருகிறவர்களுக்கு, அது வரம். நீட்டித்தபோது முழுத் தூரத்துக்கும் ஐம்பது ரூபாய்தான். வேலூரில் ஒன்பது மணி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் உதவாது, அதனால் எங்கள் கோரிக்கை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வண்டியிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. விடாமல் கேட்டால் கிடைக்கிறது.

ஆயாவைப் பற்றிச் சொன்னேன். இப்போது அம்மாவுக்கும் முட்டி வலி. எங்கள் பிளாட்பாரம் தாழ்வு, பெட்டியின் தரை நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது, செங்குத்தான படி. ஒருவர் கீழே இருந்து தாங்க, ஒருவர் மேலே இருந்து கை கொடுக்க, வண்டி நிற்கிற ஒரு நிமிஷத்துக்குள் ஏற்ற வேண்டும். நல்லவேளையாக கார்டு (2022இலிருந்து அவர்களுக்கு டிரெயின் மேனேஜர் என்று பேர், நமக்கு இன்னும் கார்டுதான்) பின்னால் இருந்து பார்த்துவிட்டு, எல்லோரும் ஏறின பிறகுதான் பச்சைக் கொடி காட்டுவார். எத்தனையோ தடவை எங்களுக்காகச் சில விநாடி கூடுதலாக நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பிளாட்பாரத்தை உயர்த்தித் தரச் சொல்லி அடுத்த மனு எழுத வேண்டும். அதற்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

அதனால் ஊர்க்காரர்களிடமும், இந்தப் பாதையில் ஒண்ணுபுரம், சேதாரம்பட்டு, மடிமங்கலம், துரிஞ்சாபுரம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஏறுகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். எங்கே ஏறுகிறீர்களோ அந்த ஸ்டேஷன் பேரில் டிக்கெட் எடுங்கள். போகும்போதே வருவதற்கும் சேர்த்து எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டும் நம் ஊர்க் கணக்கில் சேரும். தினமும் போகிறவர்கள் மாத சீசன் எடுத்தால் பதினைந்து நாள் போய்வருகிற செலவு கூட ஆகாது, ஆனால் புறப்படுகிற இடத்தில் நம் ஊர்ப் பேர் இருக்கட்டும். செல்போனில் எடுக்கிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டால் செயலி டிக்கெட் தராது, வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அது ஸ்டேஷன் கணக்கில் சேரும். ஆனால் ஏஜென்ட் அண்ணனுக்கு அதில் ஒரு பைசா கமிஷன் வராது. அவர் கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டுப் போனால் அந்த ஜன்னல் மூடிவிடும், செல்போன் இல்லாத பெரியவர்கள் என்ன செய்வார்கள்? நான் ஜன்னலில்தான் எடுக்கிறேன். ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் போதும்.

இதை மாமாவிடமும் சொன்னேன். அந்த அதிகாரி கேட்ட கேள்வியையும், அந்தக் காகிதத்தில் இருந்த எண்ணையும் சொன்னேன். எண்ணைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ்ளோதானா?" என்றார். பிறகு, "நான் மட்டும் முப்பது வருஷமா போயிகினு இருக்கேனே" என்றார்.

நேற்றுக் காலை ஜன்னல் முன்னால் எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஏஜென்ட் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இன்னாண்ணே, எங்க?" என்று கேட்டார். "வேலூரு. போக வர ரெண்டுக்கும் குடு" என்று இருபது ரூபாய்த் தாளை நீட்டினார். டிக்கெட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஊர்ப் பேர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் தாமதம்.